குதிரைவலுவைக் கேட்பதற்கு முன்

பட்டறை வாசலில் நிற்கும், மாட்டுக்குப் புல் நறுக்கிக் கொடுக்கும் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டதும் வருகிறவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை குதிரைவலு?" என்பதுதான். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருக்கும் இந்தப் பட்டறை அப்பாவின் காலத்தில் நீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்திய இடம். அந்தக் கேள்வியும் அந்தப் பழக்கத்தில் வருவதாகவே எனக்குத் தோன்றும். கிணற்றின் ஆழமும் தோட்டத்தின் பரப்பும் தெரிந்தால் நீர்ப்பம்பிக்குக் குதிரைவலுவைச் சொல்லிவிடலாம். புல் வெட்டுவதற்கு அப்படிச் சொல்ல முடியாது. என்ன வெட்டப் போகிறீர்கள், இயந்திரத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மோட்டாரின் அளவு தானாக வந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் நினைத்து வந்ததைவிடச் சிறிய மோட்டாரே போதுமானதாக இருக்கும்.

எங்கள் வலிகாமப் பகுதியில் மாடு வளர்ப்பவர்களில் பெரும்பாலோரிடம் பண்ணை என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. வளவின் பின்பக்கத்தில் ஒரு கொட்டில், இரண்டு பசுக்கள், ஒரு கன்று, வேலியோரம் கட்டிய சில ஆடுகள். புல்லை வெட்டிக் கொண்டுவந்து போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். வெளியிலிருந்து வரும் பெரிய இயந்திரங்கள் இவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றி, நறுக்கிய புல்லைக் குழாய்வழியே மேலே வீசி வண்டிப் பெட்டியை நிரப்பும் இயந்திரம் ஐம்பது மாடு வைத்திருப்பவருக்கு உதவும். இரண்டு பசுவுக்கு நறுக்கிய புல் கீழே ஒரு கடகத்தில் விழுந்தால் போதும். மேலே வீசத் தேவையில்லை என்றால் அந்த வேகமும் தேவையில்லை. என் வடிவமைப்பு முழுவதும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

வெட்டப்போகும் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். இப்போது எங்கும் நடப்படுவது கோ-3. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியர் என்னும் யானைப்புல்லையும் இணைத்து உருவாக்கிய கலப்பு இனம் அது. கிணற்று நீர் தாராளமாகக் கிடைக்கும் செம்மண்ணில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிறது. சுமார் 45 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். பிந்தினால் தண்டு பெருவிரல் தடிப்புக்கு முற்றிவிடும். அதை முழுதாகப் போட்டுப் பாருங்கள்: பசு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலடியில் மிதித்துவிடும். நீர் பாய்ச்சி, எருப்போட்டு, வளர்த்து, அறுத்துச் சுமந்து வந்ததில் பெரும்பங்கு சாணத்தோடு போகிறது. நறுக்கிப் போட்டால் இலையும் தண்டும் கலந்துவிடும். தெரிவுசெய்து தின்ன முடியாது. இயந்திரத்தின் முதல் நன்மை இதுதான். தண்டைத் தின்னவைப்பதற்காகவே இதைச் செய்கிறோம்.

கோ-3 ஈரமான, நேரான தண்டு. அதை வெட்டுவது இலகு. கிளிசரிடியா, பூவரசு, இப்பில் இப்பில் மரங்களின் குழைகள் கொப்போடு வரும்போது கோணலாக வந்து, புல்லை உள்ளே இழுக்கும் உருளைகளுக்குள் சிக்கும். வைக்கோல் வேறுவிதமான தொல்லை. நெல்லின் தாளில் சிலிக்கா அதிகம். வெட்டும் அலகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் விளிம்பைத் தின்றுவிடும். பெரும்போக அறுவடை முடிந்து வைக்கோற்போர்கள் எழும்பும் மாசி, பங்குனியில் அலகு தீட்டக் கொண்டுவருபவர்களின் எண்ணிக்கை கூடுவது இதனால்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது பனையோலை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மழை இல்லை, மாடு மேயும் தரவையில் பச்சை இல்லை, கிணற்று நீரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பார்த்துப் பார்த்து இறைக்கவேண்டும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து மாட்டைக் காப்பாற்றி வந்தது பனைதான். பச்சை ஓலையை இறக்கி, ஈர்க்கை நீக்கி, கையால் கிழித்துக் கிழித்துப் போடுவார்கள். மாலை நேரத்தில் ஒரு மூதாட்டி திண்ணையோரம் இருந்து ஓலை கிழிப்பதைப் பார்க்காமல் என் வயதில் இங்கே யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். அந்த வேலை விரல்களை எப்படி அறுக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். இந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையில்தான் நான் புல் வெட்டும் இயந்திரம் செய்யவே தொடங்கினேன். ஆனால் வாங்கக் கிடைக்கும் எந்த இயந்திரத்திலும் ஓலையைப் பற்றிய நினைப்பே இல்லை. ஓலையின் நார் நீளமானது, வழுக்கும், முறியாது. அலகு சற்றே மழுங்கியிருந்தாலும் அறுபடாமல் மடிந்து, அலகுக்கும் அதன் கீழே நிலையாக இருக்கும் அடித்தகட்டுக்கும் இடையே புகுந்து, பிறகு உருளையில் கயிறுபோலச் சுற்றிக்கொள்ளும். சுற்றியதை எடுக்க ஆள் கையை உள்ளே விடுவார். அங்கேதான் ஆபத்து. அதைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

நறுக்கிய துண்டின் நீளக் கணக்கு எளிமையானது. தெரிந்திருந்தால் எந்த இயந்திரத்தையும் எடைபோடலாம். புல்லை உள்ளே இழுக்கும் உருளைகள் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் புல்லை நகர்த்துகின்றன என்பதை, அதே நிமிடத்தில் விழும் வெட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் துண்டின் நீளம் வரும். என் இயந்திரத்தில் உருளையின் விட்டம் 80 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்குச் சுமார் 25 சென்ரிமீற்றர் புல் நகரும். உருளை நிமிடத்துக்கு 48 சுற்று. அப்படியென்றால் 12 மீற்றர். அலகுகள் பூட்டிய பெரிய சில்லு, அதாவது சக்கரம், 240 சுற்று. இரண்டு அலகுகள் இருப்பதால் 480 வெட்டு. 12 மீற்றரை 480ஆல் வகுத்தால் இரண்டரைச் சென்ரிமீற்றர். பசுவுக்கு இது நல்ல அளவு.

சில்லில் நான்கு அலகுகளுக்கு இடம் வைத்திருக்கிறேன். ஆட்டுக்கு அல்லது முற்றிய தண்டுக்குச் சிறிய துண்டு வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் பூட்டலாம், நீளம் பாதியாகும். எப்போதும் எதிரெதிராகச் சோடியாகவே பூட்டவேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் சில்லின் சமநிலை குலைந்து, இயந்திரம் முழுவதும் நடுங்கி, பேரிங் சீக்கிரம் போய்விடும்.

"இன்னும் பொடியாக வராதா?" என்று சிலர் கேட்பார்கள். மாவுபோல வந்தால் இயந்திரம் திறமானது என்ற எண்ணம். மாட்டின் வயிறு அப்படி வேலை செய்வதில்லை. மாடு இரைமீட்கவேண்டும். மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் முதல் இரைப்பையில் உண்டாகும் அமிலத்தைத் தணிக்கிறது. நார் மிகவும் பொடியாக இருந்தால் மெல்லுதல் குறையும், உமிழ்நீர் குறையும், அமிலம் கூடும், பாலின் கொழுப்பு இறங்கும். பால் சேகரிக்கும் இடத்தில் கொழுப்பைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். இரண்டரைச் சென்ரிமீற்றருக்குக் கீழே போகாதீர்கள் என்று கறவைப்பசு வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் மன்றாடிச் சொல்கிறேன்.

இப்போது குதிரைவலுவுக்கு வரலாம். 240 சுற்றுக்கு ஒரு குதிரைவலு மோட்டார் போதும். இது சிலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். வெட்டுவது மோட்டார் அல்ல என்பதை விளங்கிக்கொண்டால் நம்பலாம். வெட்டுவது சில்லின் பாரம். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டை 60 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டி, விளிம்பில் ஓர் இரும்பு வளையத்தையும் ஒட்டுகிறேன். முப்பது கிலோவுக்கு மேல் வரும். இரண்டு வெட்டுகளுக்கு இடையில் மோட்டார் அந்தச் சில்லில் சக்தியைச் சேமிக்கிறது. வெட்டு விழும் கணத்தில் சில்லு அதைக் கொடுத்துவிடுகிறது. அலகைச் சற்றுச் சரித்துப் பூட்டினால் வாயின் அகலம் முழுவதிலும் ஒரே நேரத்தில் மோதாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறுத்துக்கொண்டு போகும். இன்னும் இலகுவாகும். பாரமான சில்லு, சரிந்த அலகு, கூர்மை ஆகிய மூன்றும் இருந்தால் சிறிய மோட்டார் களைக்காது. மழுங்கிய அலகை மூன்று குதிரைவலுவால் சுற்றினாலும் அது புல்லைக் கசக்கிப் பிய்க்கத்தான் செய்யும். கசங்கிய புல் கடகத்திலேயே சீக்கிரம் சூடேறிப் புளிக்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கொட்டில் வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் இருக்கும். மெல்லிய வயரை இழுத்து மோட்டாருக்குக் கொடுத்துவிடுவார்கள். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ற் 190ஆக இறங்கினால் விசை மூன்றில் இரண்டு பங்காகிவிடும். மோட்டார் முனகும், சுற்றாது, சூடேறும். மோட்டாரைக் குறைசொல்லாமல் வயரைத் தடிப்பாக்குங்கள். உருளைக்குள் புல் இல்லாதபோது மட்டும் தொடக்குங்கள்.

கைபிடி ஒன்றையும் சில்லில் வைத்தே கொடுக்கிறேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. மாட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது, நேரத்துக்குக் கத்தும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் மெதுவாக, ஆனால் நிச்சயமாக வெட்டும். மண்ணெண்ணெயும் கிடைக்காத 90களில் இந்தக் குடாநாட்டில் பட்டறை வைத்திருந்த ஒருவரின் மகளுக்கு, கையால் சுற்ற முடியாத இயந்திரத்தைச் செய்து விற்க மனம் வராது.

அலகு செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. லொறிகளின் பழைய வில்லுத்தகடுகளைத்தான் எடுக்கிறேன். அது நல்ல உருக்கு. ஆனால் வில்லாக இருக்கும்போது அதன் பதம் அலகுக்குச் சரிவராது. முதலில் செம்பழுப்பாகக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிட்டு, மென்மையாக்கவேண்டும். பிறகு வெட்டி, துளையிட்டு, ஏறத்தாழ 25 பாகை சரிவில் விளிம்பைத் தீட்டி, மறுபடி காய்ச்சவேண்டும். எவ்வளவு காய்ச்சுவது என்பதற்குக் கையில் ஒரு காந்தம் போதும். இரும்பு சுமார் 770 பாகை செல்சியஸில் காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்துகிறேன். தண்ணீரில் அமிழ்த்தினால் இந்த உருக்கில் வெடிப்பு விழும்.

எண்ணெயிலிருந்து எடுத்த அலகு கண்ணாடியைப்போலக் கடினமாகவும் அதே அளவு நொய்மையாகவும் இருக்கும். கல் ஒன்று புல்லோடு வந்தால் உடைந்து பறக்கும். அதற்குப் பதம் இறக்கவேண்டும். மேலே மினுக்கிவிட்டு 220, 230 பாகை வரை சூடாக்கினால் வைக்கோலின் மஞ்சள் நிறம் தோன்றும். அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். எங்கள் தெரு வெதுப்பகத்தார் பாண் எடுத்து முடிந்ததும் போறணையின் சூட்டை எனக்குத் தருகிறார். சீரான சூடு, விளிம்பும் முதுகும் ஒரே நிறமாக வரும். இப்படிப் பதப்படுத்திய அலகு கடையில் வாங்கும் அலகைவிட அதிக நாள் நிற்கிறது என்று வைக்கோல் வெட்டுகிறவர்களே வந்து சொல்கிறார்கள். அதைக் கேட்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்கப்போவதில்லை.

கூர்மை மட்டும் போதாது. அலகுக்கும் அதன் கீழுள்ள அடித்தகட்டுக்கும் இடைவெளி அரை மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். அளவுகோல் இல்லாதவர்கள் பத்திரிகைத் தாள் ஒன்றை வாயில் நீட்டி, மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டு, சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். தாள் நறுக்கென்று அறுபடவேண்டும். மடிந்தால் இடைவெளி கூடிவிட்டது. அலகைப் பிடிக்கும் நட்டுகளை அப்போதே இறுக்கிப் பாருங்கள்.

இனிக் கையைப் பற்றி.

புல் வெட்டும் இயந்திரங்கள் விரல்களையும் கைகளையும் எடுக்கின்றன. இந்தியாவின் வட மாநிலங்களில் வீட்டுக்கு வீடு இந்த இயந்திரம் இருக்கிறது; அங்கே நடந்த விபத்துகளைத் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை (ஐ.ஐ.டி.) சேர்ந்த தினேஷ் மோகனும் அவருடைய குழுவினரும் கிராமங்களுக்குப் போய் ஆராய்ந்தார்கள். காயப்பட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். நின்றிருக்கும் இயந்திரத்தின் சில்லைச் சுற்றி விளையாடும்போதும் விரல் போயிருக்கிறது. கவனமாக இருங்கள் என்று புத்தி சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை, இயந்திரத்தை மாற்றினார்கள். அலகுக்கு மறைப்பு, சில்லைப் பூட்டிவைக்கும் ஆணி, இழுக்கும் உருளைகளுக்கு முன்னால் கை பட்டதும் உணர்த்தும் ஓர் எச்சரிக்கை உருளை. பெரிய செலவில்லாத மாற்றங்கள். எங்கள் ஊரில் யாரும் இதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லையே என்பது என் தீராத ஆதங்கம். பாதுகாப்பு என்று கேட்டால் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை ஒட்டியைக் காட்டுகிறார்கள்.

கையை எடுப்பது அலகு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அலகு பிறகுதான். முதலில் பிடிப்பது உருளைகள். பல் வைத்த இரண்டு உருளைகள், மேலுருளையைச் சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். புல்லோடு கையுறை நுனியோ சேலைத் தலைப்போ போனால் விடாது. என் கணக்கில் உருளை நிமிடத்துக்கு 12 மீற்றர் இழுக்கிறது, அதாவது நொடிக்கு 20 சென்ரிமீற்றர். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு நொடி. யோசிக்க நேரம் இல்லை. மின்சார ஆளியை நிறுத்தினாலும் பயனில்லை: நான் பெருமையாகச் சொன்ன அந்தப் பாரமான சில்லு, மின்சாரம் நின்ற பிறகும் சேமித்த சக்தியால் சுற்றிக்கொண்டே இருக்கும்; அதனோடு உருளைகளும் சுற்றும். ஆகவே மோட்டாரை நிறுத்தும் ஆளி மட்டும் பாதுகாப்பு ஆகாது. உருளைகளைச் சில்லிலிருந்து பிரிக்கவேண்டும்.

அதற்காகப் புல் வைக்கும் தட்டின் வாயில், நெஞ்சு உயரத்தில், குறுக்காக ஒரு நெம்புத் தண்டு வைத்திருக்கிறேன். உடலோ முழங்கையோ அதைத் தள்ளினால் பற்சில்லு விலகி உருளைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதே நெம்பை மறுபக்கம் இழுத்தால் உருளைகள் பின்னோக்கிச் சுற்றும். சிக்கிய ஓலை தானாக வெளியே வரும். கையை உள்ளே விடவேண்டிய காரணமே இல்லாமல் போகிறது. தட்டின் நீளம் மூன்று அடி, அதில் பாதிக்கு மூடி. சராசரி மனிதரின் கை தோளிலிருந்து நுனிவரை அந்த நீளத்தை எட்டாது.

இந்தத் தட்டுக்காகத்தான் நான் அதிகம் வாதாடுகிறேன். "பிள்ளை, கொட்டிலில் இடமில்லை, தட்டைக் கொஞ்சம் வெட்டித் தா" என்று கேட்பார்கள். மூடியைக் கழற்றினால் குழை நன்றாகப் போகும் என்பார்கள். வேறிடத்தில் தட்டே இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. போகட்டும். மூடியை நட்டுப் போட்டுப் பூட்டாமல் உடலோடு ஒட்டியே விடுகிறேன். இடமில்லை என்றால் கொட்டிலுக்கு நேரில் வந்து இயந்திரத்தை எந்தப் பக்கம் திருப்பி வைக்கலாம் என்று பார்க்கிறேன். இதுவரை இடம் கிடைக்காத கொட்டிலை நான் பார்க்கவில்லை. புன்னாலைக்கட்டுவனிலிருந்து வந்த அம்மா ஒருவர் மட்டும், குதிரைவலுவைக் கேட்காமல், "பேரப்பிள்ளைகள் இதைச் சுற்றுவார்களா?" என்று கேட்டார். சில்லைப் பூட்டும் ஆணியையும் அதன் சாவியையும் காட்டினேன். சாவியை அந்த இடத்திலேயே தாலிக்கொடியில் கோத்துக்கொண்டார். அப்படி ஒரு வாடிக்கையாளர் போதும், ஒரு வருடத்துக்கு நான் உற்சாகமாக வேலை செய்ய.

ஓலை வேலை இன்னும் முடியவில்லை. உருளைகளில் பல்லை ஆழமாக்கி, ஒவ்வொரு பல்வரிசைக்கும் பின்னால் சீப்புப்போல ஒரு சுரண்டும் தகடு வைத்ததில், நார் சுற்றுவது நன்றாகக் குறைந்திருக்கிறது. இளம் ஓலை சீராக வெட்டுப்படுகிறது. முற்றிய ஓலையில் ஈர்க்கை நீக்காமல் போட்டால் துண்டின் நுனி கூராக நிற்கிறது. அதை மாட்டுக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. உருளைக்கு முன்னால் ஈர்க்கை மட்டும் நசுக்கி மென்மையாக்கும் இன்னொரு சோடி உருளையைக் கடைசலில் போட்டிருக்கிறேன். சோளகம் முடிவதற்குள் பூட்டிப் பார்த்துவிடவேண்டும். இயந்திரம் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வராதீர்கள். அன்று காலை அறுத்த உங்கள் புல்லில் ஒரு கட்டும், முடிந்தால் மட்டை நீக்கிய பச்சை ஓலை ஐந்தாறும் கொண்டுவாருங்கள். உங்கள் மாடு தின்னப்போவதை வெட்டிக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவேன்.